பால் பவுடர் வந்த நாட்டுக்குப் போகிறவனுக்கு

அன்புள்ள மகன் ஆரோக்கியத்துக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, இது நான்தான். வரிகளை நேராகத்தான் தொடங்குகிறேன். பாதி வழியில் அவை மேட்டில் ஏறுகிற பாரவண்டி மாதிரி மேலே போய்விடுகின்றன. உளி பிடித்த கை என்பதால் பென்சிலை அழுத்திப் பிடிக்கிறேன், முனை உடைந்துபோகிறது. மாலை வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற பெண் உன்னைவிடச் சின்னவள். "தாத்தா, பேப்பரைச் செதுக்காதீங்க, எழுதுங்க" என்கிறாள். இதைத் திங்கட்கிழமை தொடங்கினேன். இன்று சனிக்கிழமை. அவசரம் ஒன்றும் இல்லை, அறுபது வயதுக்கு மேல் கிடைத்த சந்தோஷத்தை யாராவது அவசரமாக அனுபவிப்பார்களா? போன வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ராசிபுரம், நாமக்கல், பள்ளிபாளையம் என்று போர்டு போர்டாகப் படித்துக்கொண்டே நின்றேன். ஒரு கண்டக்டர், "பெரியவரே, எங்க போகணும்?" என்றார். "எங்கயும் இல்லீங்க, படிச்சுட்டு இருக்கறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

உனக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். போன மாதம் நீ வந்து, அமெரிக்காவில் வேலை உறுதியாகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது என்று சொன்னபோது தெருவே நம் வீட்டில் கூடிவிட்டது. எல்லோரும் உன் தோளைத் தட்டினார்கள். கிளம்பும்போது நீ வாசலில் நின்று, "அப்பா, மனசாரத்தான் அனுப்பறீங்களா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வேட்டியைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்துகொண்டேன். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். உனக்கு அந்த வேலை பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும், உன் படிப்பில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனாலும் வாய் வரவில்லை. அது ஏன் என்று வாசலில் நின்றபடி சொல்ல முடியாது. அது நீ கைக்குழந்தையாக இருந்த வருஷத்துச் சங்கதி. அந்த நாட்டுக்கும் உனக்கும் அப்போதிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது.

நீ பிறந்தது அறுபத்தாறு கடைசியில். மழை பொய்த்து, கிணறுகளில் பாறை தெரிந்த காலம். ரேஷன் கடையில் அரிசி பெயருக்குத்தான் வரும், வருவதெல்லாம் கோதுமை. நம் ஆட்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது. உன் அம்மா முழுக் கோதுமையை அரிசி மாதிரியே உலையில் போட்டு, இன்னும் வேகவில்லையே என்று மத்தியானம் வரை விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். (இதை எழுதாதீங்க என்று பக்கத்திலிருந்து சொல்கிறாள். எழுதிவிட்டேன்.) நான் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரி. பட்டறைக்குள் எந்த நேரமும் வேப்பம்பலகை இழைத்த வாசனையும் பெயிண்ட் வாசனையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் புதுப் பெயிண்ட் வாசனை பட்டால் எனக்கு வயது முப்பத்தைந்து ஆகிவிடும்.

நீ பிறந்த சில நாட்களிலேயே அம்மா காய்ச்சலில் படுத்தாள். பால் வற்றிவிட்டது. மாடுகளே தீவனம் இல்லாமல் எலும்பாக நின்ற வருஷம், பால்காரர் ஊற்றியதில் பாதி தண்ணீர். நீ அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுவாய். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான், "உங்க கோயில்லயே பவுடர் பால் குடுக்கறாங்களே, கொதிக்க வச்ச தண்ணியில கரைச்சு ஊத்துங்க" என்றார். காலைப் பூசை முடிந்ததும் நம் மாதா கோயிலின் பின்கட்டில் சிஸ்டர் ஒருவர் பெரிய அட்டை டிரம்மிலிருந்து பவுடரை அள்ளிப் போடுவார். சில நாள் தகர டின்னில் சமையல் எண்ணெயும் கிடைக்கும். டிரம்மிலும் டின்னிலும் ஒரே படம். இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும், மேலே நட்சத்திரமும் கீழே சிவப்புக் கோடுகளும். படத்தைச் சுற்றி என்னவோ எழுதியிருக்கும். எழுதியது எனக்குத் தெரியாது. படம் மட்டும் தெரியும். அந்தப் பாலில்தான் உன் கழுத்து நின்றது. ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். அன்றைக்கு நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பட்டறையில் எங்களுக்குப் பேப்பர் படித்துச் சொல்வது மாணிக்கம். லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன், நம் தெருக்காரன். நீ பெரியப்பா என்று கூப்பிடுவாயே, அவர்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பலகை மேல் சாய்ந்துகொண்டு உரக்கப் படிப்பான். அந்த நாட்களில் தினமும் வியட்நாம் வரும். நாங்கள் எல்லோரும் அந்தப் பெயரைத் தப்பாகச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம்.

"எங்க இருக்குது அது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ரங்கூனுக்கு அந்தண்ட. நம்மள மாதிரி நெல்லு போடற சனங்க. அமெரிக்காக்காரன் ஏரோப்பிளேன்ல வந்து குடிசை மேல நெருப்பு போடறான்."

லாரி டிரைவர் பெரியசாமி ராசிபுரத்துக்காரன். தொப்பை ஸ்டியரிங்கில் முட்டுகிற ஆள். அவன் பல்லைக் குத்திக்கொண்டே, "ஏனுங்க மாணிக்கம், அத்தாச்சோட்டுப் பெரிய நாட்டுக்கு அங்க என்னங்க வேலை?" என்றான். மாணிக்கம் பேப்பரை மேலும் கீழும் தேடினான். "அதை இதுல போடலியே" என்றான். அடுத்த நாளும் தேடினான். அமெரிக்காவிலிருந்து போன பையன்களும் அங்கே செத்துப் பெட்டியில் திரும்புகிறார்கள் என்று ஒரு நாள் படித்தான். அன்று பெரியசாமி பல் குத்துகிற குச்சியை எறிந்துவிட்டு லாரியைக் கழுவப் போனான்.

எனக்கு மட்டும் ஒரு குழப்பம். உன் பால் அமெரிக்காவிலிருந்து வருகிறது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஒரு நாட்டுக்காரன் ஒரு கையால் நம் பிள்ளைக்குப் பால் கொடுத்து, இன்னொரு கையால் எவன் பிள்ளை மீதோ நெருப்பைப் போடுவானா? வீட்டில் கேட்டேன். உன் அம்மா உனக்குப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் நமக்கு எதுக்குங்க? இவன் முழுங்கறானா பாருங்க" என்றாள்.

அந்த ஆடியில் மாரியம்மன் பண்டிகை வந்தது. நம் ஊர்க் குகைப் பேட்டையில் நடக்கிற வண்டி வேடிக்கையைச் சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து நீயும் பார்த்திருக்கிறாய். தெருவுக்குத் தெரு வண்டி கட்டி, சாமி வேஷம் போட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர்வலம் விடுவார்கள். நமக்குக் கோயில் வேறாக இருந்தாலும் தெரு வண்டிக்கு மரவேலை எப்போதும் என்னுடையதுதான். அதுவரை சிவன் பார்வதியும் மகிஷாசுரனும்தான் கட்டியிருந்தோம். அந்த வருஷம் மாணிக்கம், "வியட்நாம் கட்டலாம்" என்றான். தெருப் பெரியவர் ஒருவர், "ஆத்தா வண்டியில எவனோ சண்டை எதுக்குடா?" என்றார். "அசுரன் சண்டை மட்டும் நம்ம ஊட்டுச் சண்டையாங்க?" என்றான் மாணிக்கம். அதோடு தீர்ந்தது. குடிசை ஒன்று, அதற்கு மேலே விமானம் ஒன்று, நடுவில் பெரிய நாட்டுச் சிப்பாய் ஒருவன். சிப்பாய் வேஷம் பெரியசாமிக்கு.

"இந்தத் தொப்பையோடவாங்க?" என்றான் அவன்.

"பெரிய நாட்டுச் சிப்பாயி பின்ன பட்டினியா கெடப்பான்? நீ சும்மா நில்லு."

வீட்டில் சொன்னதும் உன் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, உங்களுக்கு ஏதாச்சும் இருக்குதா? அந்தப் பாலைக் குடிச்சுத்தான் புள்ளை கண்ணு தொறந்திருக்கான். அவங்களை வஞ்சு வண்டி கட்டுனா கோயில்ல நாளைக்குப் பவுடர் போடுவாங்களா?" எனக்கும் அந்தப் பயம் வந்தது. கோயில் உபதேசியாரும் வழியில் என்னை நிறுத்தி, "சாமியாருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரோ, பாத்துக்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது நம் பங்குச் சாமியார் ஒரு பிரெஞ்சுக்காரர், வயதானவர். நம் ஊர்த் தமிழை நம்மைவிட நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் பேச மாட்டார். அந்தப் பேசாமைதான் எல்லோருக்கும் பயம். பவுடர் நின்றால் நீ என்ன ஆவாய் என்று நினைத்துப் பார்த்தேன். மாணிக்கத்திடம் போய், "குடிசை கட்டித் தாரேன். ஏரோப்பிளேன் என்னால ஆகாது" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவர்களில் அவனும் ஒருவன். "சரி, பசங்க செய்யட்டும்" என்றான்.

அந்த ஊர்க் குடிசை எப்படி இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நான் நம் பக்கத்துக் குடிசையைத்தான் கட்டினேன். மூங்கில் சட்டம், சோளத்தட்டு வேய்ந்த கூரை, தாழ்வான வாசல். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்த உன் அம்மா குனிந்து உள்ளே பார்த்தாள். "வெறும் குடிசைன்னா யாருக்குத் தெரியும்? உள்ள ஒரு தூளி கட்டுங்க" என்றாள். வீட்டுக்குப் போய்த் தன்னுடைய பழைய சிவப்புச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சண்டை போட்டவள் அவள்தான், சேலை கொடுத்தவளும் அவள்தான். தூளிக்குள் தேங்காய் மட்டையை வைத்துத் துணி சுற்றினேன்.

விமானத்தைப் பையன்கள் மூங்கிலில் கட்டி வெள்ளைக் காகிதம் ஒட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஊர்வலத்தன்று மத்தியானம் ஆடிக் காற்று வந்து அதைத் தோலுரித்த ஆட்டைப் போல ஆக்கிவிட்டது. பையன்கள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். மாணிக்கம் வேஷக்காரர்களுக்கு முகத்தில் வண்ணம் பூசப் போயிருந்தான். ஆகாது என்று சொன்னவன் நான், கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மரவேலைக்காரன் ஒரு வெறும் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது எப்படி? வீட்டில் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த எண்ணெய் டின்கள் ஞாபகம் வந்தன. ஓடிப்போய் எடுத்து வந்து, வெட்டித் தட்டி நிமிர்த்தி, இறக்கையிலும் வயிற்றிலும் ஆணி வைத்து அடித்தேன். பெயிண்ட் அடிக்க நேரமில்லை. படம் இருந்த பக்கம்தான் பளபளப்பாக இருந்தது. அதனால் அதை வெளியே வைத்தேன். மாடுகளைப் பூட்டும்போது மாணிக்கம் வந்து அண்ணாந்து பார்த்தான்.

"யோவ் மேஸ்திரி, என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

"ஏன், கோணலா இருக்குதா?"

"கோணல் இல்லய்யா, படிச்சுப் பாரு!"

"படிக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு தெனமும் உன் மூஞ்சியப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறேன்?"

அவன் விஷயத்தைச் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள், நிறுத்த வழியில்லை. நான் கூடவே நடந்தேன். தெரு முனையில் நின்ற காலேஜ் பையன்கள் இறக்கையில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு விசில் அடித்தார்கள். "யாருப்பா இந்த மூளைக்காரன்?" என்று ஒருவன் கேட்டான். நான் சக்கரத்தின் மறைவில் ஒதுங்கி நடந்தேன். ஜனங்கள் பெரியசாமி மேல் நிலக்கடலைத் தொலியை அள்ளி எறிந்தார்கள். ஒரு கிழவி வண்டிச் சக்கரத்தையே பிடித்துக்கொண்டு, "நாசமாப் போறவனே, பச்சப்புள்ள தூங்கற ஊட்டு மேல நெருப்பு வைக்கறயாடா!" என்று கத்தினாள். தூளி அசைந்ததில் அவளுக்கு உள்ளே நிஜமாகவே பிள்ளை இருக்கிறது என்று எண்ணம். பெரியசாமி பாவம், வேஷத்தில் அசையக் கூடாது என்பதையும் மறந்து, "ஆத்தா, நான் ராசிபுரத்துல லாரி ஓட்டறவனுங்க!" என்றான். தெரு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. திருப்பத்தில் கோயில் சாமியார் நின்றிருந்தார். வெள்ளை அங்கியில் அவர் எங்கே நின்றாலும் தெரிவார். விமானத்தைப் பார்த்தார், குடிசையைப் பார்த்தார். பிறகு பெரியசாமியை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் திரும்பி நடந்துவிட்டார்.

மறுநாள் காலை தூக்குப்போசிப் பாத்திரத்தோடு கோயில் பின்கட்டில் வரிசையின் கடைசியில் நின்றேன். உன் அம்மா, "நான் போறேன், பொம்பளையின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். நான் விடவில்லை. என் முறை வரும்போது சாமியார் வந்து சிஸ்டர் பக்கத்தில் நின்றார்.

"மேஸ்திரி, அந்த வண்டி நீ கட்டினதுதானே?"

"ஆமாங்க சாமி."

"டின்னுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுங்க சாமி. காத்து கிழிச்சுப்போட்டுது. கைக்குக் கெடைச்சதை அடிச்சேன்."

"அந்த நாட்டுச் சனங்க அன்பளிப்பா அனுப்பினதுன்னு எழுதியிருக்குது."

அந்த அன்பளிப்பை நான் கொண்டுபோய்க் குண்டு போடுகிற இறக்கையில் அடித்திருக்கிறேன். போசியை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டேன். அவர் அதற்கு மேல் டின்னைப் பற்றிப் பேசவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டு, "குடிசையும் நீ கட்டினதா? நம்ம ஊர்க் குடிசை மாதிரி இருந்துச்சு" என்றார்.

"அவங்க குடிசை எப்படி இருக்கும்னு தெரியாதுங்க சாமி."

"எனக்கும் தெரியாது. என் தங்கச்சி பையன் பாத்திருக்கான். இந்த அமெரிக்காக்காரங்களுக்கு முந்தி அங்க போய்ச் சண்டை போட்டது எங்க நாடு. அவனும் போனான். ஊருக்கு வரல."

"அங்கயே வேலையில இருக்கறாருங்களா சாமி?"

"மண்ணுல" என்றார்.

சிஸ்டர் கரண்டியை டிரம்மிலேயே வைத்துவிட்டார். சாமியார் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்து எல்லாரும் அந்தச் சிப்பாய் மேல தொலி எறிஞ்சீங்க. எறிய வேண்டியதுதான். நானும் கீழ கெடந்ததுல ஒரு பிடி எடுத்தேன். ஆனா அந்த ஆளு முழிச்ச முழி, என் தங்கச்சி பையன் முழி மாதிரியே இருந்துச்சு. எதுக்கு இங்க வந்து நிக்கறோம்னு தெரியாத முழி." பிறகு எழுந்தார். "சிஸ்டர், இவருக்கு ஏன் இன்னும் போடல? ஊட்டுல புள்ளை அழும்."

அவ்வளவுதான் நடந்தது. வீட்டு வாசலில் உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். நான் போசியைத் திறந்து காட்டினேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் காய்ச்சினாள். சில மாதம் கழித்து எல்லோருக்குமே பவுடர் நின்றுபோனது. அதற்குள் நீ கேழ்வரகுக் கூழுக்கு வாயைத் திறக்கப் பழகிவிட்டாய். நின்றது என் ஏரோப்பிளேனால்தான் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். சாமியார் சில வருஷத்தில் காலமாகி இங்கேயே அடக்கமானார். அந்தச் சண்டை அவருக்குப் பிறகும் நடந்தது. நீ ஸ்லேட்டு தூக்கிப் பள்ளிக்கூடம் போகிற காலத்தில்தான் முடிந்தது. பெரிய நாடு ஊரை விட்டுக் கிளம்பிவிட்டது என்று மாணிக்கம் படித்தபோது பட்டறையில் யாரும் கை தட்டவில்லை. பெரியசாமி மட்டும், "இதுக்குத்தானுங்களா இத்தனையும்?" என்றான். அந்தக் கேள்விக்கும் பேப்பரில் பதில் போடவில்லை.

நீ வாசலில் கேட்டபோது இது எல்லாமும் ஒன்றாக வந்து என் கண்முன்னே நின்றது. அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஒரே மனசு கிடையாது, அதுதான் உண்மை. நீ அங்கே போய்க் குடியிருக்கும் தெருவில் என் வயதுக்காரர் ஒருவர் இருப்பார். அவர் வீட்டுக்காரம்மா அந்த வருஷம் ஏதாவது கோயிலில் நம்மைப் போன்றவர்களுக்காகக் காணிக்கை போட்டிருக்கலாம். அவரோ அந்தச் சண்டைக்குப் போய் வந்தவராக இருக்கலாம். இரண்டும் ஒரே வீட்டில் நடந்திருக்கலாம். அந்தச் சின்ன நாட்டிலிருந்து பிழைத்து வந்தவர்களும் அங்கே நிறைய இருக்கிறார்களாம், வகுப்பு டீச்சர் சொன்னாள். எல்லோருக்கும் வணக்கம் சொல். யாரைப் பார்த்தும், இவர் எந்தப் பக்கம் என்று மனதுக்குள் தொலியை எடுக்காதே. அவர்கள் சொல்வதைக் கேள். நம் ஜனங்களுக்கு அங்கே பேசத்தான் ஆசை இருக்கும், நீ கேட்கப் பழகு.

இன்னொன்றும் உண்டு. நாளைக்கே அந்த நாடு மறுபடியும் எவன் வீட்டு மீதாவது நெருப்போடு போகக் கிளம்பினால், அங்கே சம்பளம் வாங்குகிறவன் என்பதற்காக நீ வாயை மூடிக்கொள்ள வேண்டாம். பால் குடித்துவிட்டோம், இனி பேசக் கூடாது என்று அன்றைக்கு நாங்கள் பயந்தோம். உண்மையில் அந்த வீட்டில் சாப்பிட்ட பிள்ளை நீ. வெளியாள் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். சாப்பிட்ட பிள்ளை கேட்டால் ஒருவராவது திரும்பிப் பார்ப்பார். கத்த வேண்டாம். பெரியசாமி கேட்டானே, அங்கே என்னங்க வேலை என்று, அப்படி மரியாதையாகவே கேள். அவர்கள் மேல் உனக்கு நன்றி இருக்கிறது என்பதும் அந்தக் குரலில் தெரியட்டும்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில்: மனசாரத்தான் அனுப்புகிறேன். உன் எலும்பில் அந்த மக்களின் பங்கு இருக்கிறது. அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டியது நியாயம்தான். போய்ட்டு வா சாமி.

இந்த இடத்தில் முடிக்கலாம் என்றால் உன் அம்மா விடவில்லை. இதுவரை எழுதியதை நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன். இத்தனை வருஷத்தில் நான் அவளுக்குப் படித்துக் காட்டிய முதல் காகிதம் இது. முழுக்கக் கேட்டுவிட்டு, பாதிதான் உண்மை, தன் பக்கத்தையும் எழுத வேண்டும் என்கிறாள். அடுத்த வாரம் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். மெதுவாகப் பேச வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டேன். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.

உன் அப்பா